கருவியைச் சோதித்த கார்பெட்

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், நாடுகாணி)



ஜிம் கார்பெட் என்றதும் நம் எல்லோருக்கும் புலிதான் ஞாபகம் வரும். அரை டிராயரும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர், கையில் துப்பாக்கி, காலடியில் செத்த புலி. இப்படி ஒரு படத்தைப் பாடப் புத்தகத்திலோ பழைய பத்திரிகையிலோ பார்த்திருப்போம். "சரிதான், வேட்டைக்காரன் கதையை டிப்ளமோ மலரில் எதுக்குப் போடணும்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வந்தது புலியைப் பற்றி மட்டும் இல்லை. புலிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த கருவியைப் பற்றி. எந்தக் கருவியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஒருவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் உயிரைப் பணயம் வைத்துப் படித்த பாடம் அது. நம் ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள நைனிடாலில் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் பிறந்தார். அப்பா கிறிஸ்டோபர் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், ஆனால் பெரிய வசதி கிடையாது. ஜிம்முக்கு ஆறு வயது ஆகும் முன்பே, 1881இல் அப்பா இறந்துவிட்டார். கோடையில் நைனிடால், குளிர் காலத்தில் கீழே காலாதுங்கி என்று வருஷத்தை இரண்டாகப் பிரித்து வாழ்ந்த குடும்பம் அது. காலாதுங்கி வீட்டு வாசலைத் தாண்டினால் காடு. அந்தக் காடுதான் பையனுக்குப் பள்ளிக்கூடம்.

முதல் ஆயுதம் நம்ம ஊர்ப் பையன்கள் வைத்திருக்கும் அதே உண்டிவில். அப்புறம் உண்டை எறியும் வில். எட்டு வயதை ஒட்டி ஒரு சொந்தக்காரர் அவருக்கு ஒரு துப்பாக்கி கொடுத்தார். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்து நிரப்புகிற பழைய ரகம். இரட்டைக் குழல். ஆனால் வலது குழல் பிளந்து கிடந்தது. யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டு வெடித்ததில் வந்த பிளவு. கட்டையும் முறிந்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது.

இன்னொரு பையனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? ஓட்டைத் துப்பாக்கி என்று மூலையில் போட்டிருப்பான், இல்லாவிட்டால் ஆசையில் இரண்டு குழலையும் நிரப்பிச் சுட்டுக் கையை இழந்திருப்பான். ஜிம் இரண்டும் செய்யவில்லை. எது கெட்டது, எது நல்லது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு இடது குழலை மட்டும் பயன்படுத்தினார். மருந்தும் குண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள், வீட்டில் காசு இல்லை. அதனால் ஒரு வெடியும் வீணாகக் கூடாது என்ற பழக்கமும் அப்போதே வந்தது. குறி தவறாத கை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று எழுதுவார்கள். வறுமையும் அதற்கு ஒரு வாத்தியார் என்பது என் எண்ணம்.

பிறகு பள்ளி கேடட் படையில் சேர்ந்தபோது .450 மார்ட்டினி ரைஃபிள் கைக்கு வந்தது. சுட்டால் தோளைக் குதிரை உதைப்பது மாதிரி உதைக்கும். அதைக் கொண்டுதான் சிறுவனாக இருக்கும்போதே முதல் சிறுத்தையைச் சுட்டார்.

நம் வயதில் அவர்

பதினேழு பதினெட்டு வயதில் படிப்பு நின்றது. குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போனார். அந்த நாளில் எஞ்சினுக்கு விறகுதான் தீனி. காட்டில் கூடாரம் போட்டு விறகு வெட்டும் வேலையை மேற்பார்த்தார். பின்னர் கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில், ஒரு ரயில் பாதையில் வந்த சரக்கை இறக்கி ஆற்றைக் கடந்து இன்னொரு பாதைக்கு ஏற்றும் கான்ட்ராக்ட் எடுத்து இருபது ஆண்டுக்கு மேல் நடத்தினார். கூலிக்காரர்களோடு சேர்ந்து தாமும் நிலக்கரி அள்ளிய முதலாளி அவர். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். தொடக்க கால ஆட்கொல்லி வேட்டைக்கு அவர் போனது இந்த வேலைக்கு லீவு போட்டுத்தான்!

சம்பாவத்தும் இடைவெளியும்

1907ஆம் ஆண்டு. சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி. நேபாளத்தில் 200 பேர், இந்தியப் பக்கம் வந்து 236 பேர், ஆக 436 உயிர். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கார்பெட் அங்கே போனார். தாசில்தார் 298 ஆட்களைத் திரட்டினார். மலை உச்சியிலிருந்து அவர்கள் மேளம் அடித்து, சத்தம் போட்டு, புலியைக் கலைத்தார்கள். கார்பெட்டிடம் இருந்தது .500 ரைஃபிள். தோட்டா மூன்றே மூன்று. இரண்டு சுடுவதற்கு, மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு.

மூன்றும் தீர்ந்தன. இரண்டு குண்டு பட்டும் புலி நின்றுகொண்டிருந்தது, அவரை நோக்கித் திரும்பியது. அவர் ஓடிப் போய்த் தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தார். குழலுக்கும் அதன் பின்பக்க அடைப்புக்கும் நடுவே முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி!

மெக்கானிக்கல் நண்பர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். முக்கால் அங்குலத்தில் பாதி என்றால் சுமார் 9.5 மில்லி மீட்டர். தோட்டா வெடிக்கும்போது உள்ளே உண்டாகும் வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே அழுத்தம் பின்னாலும் தள்ளும். பின்பக்கம் அடைப்பு இறுக்கமாகப் பொருந்தியிருந்தால்தான் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழியாமல் நிற்கும். அந்த இடத்தில் நாம் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்கலாம். 9.5 மில்லி மீட்டர் இருந்தால் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவர் கண்ணிலேயே அடிக்கும்.

கார்பெட் நொடியில் கணக்குப் போட்டார். தாசில்தார் சுட்டபோது இது வெடித்துச் சிதறவில்லை, ஆகவே இப்போதும் சிதறாது. கண் போகலாம், ஆனால் வேறு வழி இல்லை. இருபது அடி தூரத்தில் புலியின் வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில் பட்டது. இருபது அடியில் அவர் குறி தவறுவதா? அந்தத் துப்பாக்கியின் லட்சணம் அப்படி. நல்ல வேளை, முன்பு பட்ட இரண்டு குண்டின் காயத்தில் புலி அப்படியே தலை சாய்த்தது.

கதை இதோடு முடியவில்லை. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் முறிந்திருந்தன. என்றைக்கோ யாரோ சுட்ட குண்டால் வந்த பழைய காயம். மானையும் காட்டுப் பன்றியையும் பிடிக்க முடியாமல்தான் அது மனிதனைப் பிடிக்க ஆரம்பித்தது. யோசித்துப் பாருங்கள். பேர் தெரியாத ஒருவன் அரைகுறையாகச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அந்தக் குண்டுக்கு விலை கொடுத்தவர்கள் 436 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட அவன் யாரென்று தெரியாது.

இலேசானதும் கனமானதும்

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அப்போதைய லெஃப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு ரைஃபிள் பரிசளித்தார். லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி செய்த .275. மவுசர் முறையில் போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. தூக்க இலேசு, குறி துல்லியம். இதோடு டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 இரட்டைக் குழல் ரைஃபிளும் வைத்திருந்தார். அது கனம்.

"ஒண்ணு போதாதா, எதுக்கு ரெண்டு?" என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். .275க்கு வழக்கமான குண்டின் எடை 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். .450/400க்கு 400 கிரெய்ன், சுமார் 26 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கனமான குண்டு பெரிய மிருகத்தை அதே இடத்தில் நிறுத்தும். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதி சும்மா விடுமா? முன்னால் போகிற உந்தம் அளவுக்குப் பின்னாலும் உதை வரும். இரட்டைக் குழலில் இன்னொரு லாபம், இரண்டு விசை, இரண்டு சுத்தி. ஒன்று ஏமாற்றினால் மற்றொன்று தயார். நாம் ஸ்டாண்ட்பை மோட்டார் வைப்பது போல. அந்தந்த வேலைக்கு அந்தந்தக் கருவி என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே இரண்டு சாட்சி உண்டு.

முதலாவது 1930, சௌகட். 64 பேரைத் தின்ற பெண் புலி. வறண்ட ஓடையில் நடந்து போகும்போது ஒரு பறவையின் முட்டை இரண்டைக் கண்டு கையில் எடுத்துக்கொண்டார். பறவை முட்டை சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பி, வலது தோளுக்கு மேல் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி! முன்னங்கால் நீட்டிப் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையில் முட்டை. வலது கையில் .275. சட்டென்று அசைந்தால் பாயும். ஆகவே ஒரே கையால், கடிகார முள் நகர்வது மாதிரி மெல்ல மெல்ல ரைஃபிளைச் சுற்றித் திருப்பி, நீட்டிய கையோடு சுட்டார். புலி அங்கேயே கிடந்தது. முட்டைகளைத் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிட்டார். அன்று கையில் கனமான ரைஃபிள் இருந்திருந்தால் ஒரு கையால் அதைத் திருப்பியிருக்க முடியுமா? அவர் உயிர் பிழைத்ததற்குத் துப்பாக்கியின் எடையும் ஒரு காரணம்.

இரண்டாவது 1938, தக். அவர் வேட்டையாடிய கடைசி ஆட்கொல்லி. வயது 63. பொழுது சாயும் நேரம், ஒரு பாறைத் திட்டில் ஒண்டிக்கொண்டு, பெண் புலியின் குரலுக்கு ஆண் புலி போலக் குரல் கொடுத்து அதை வரவழைத்தார். கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. இப்போது கையில் கனமான .450/400. இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடித்தன. புலி விழுந்தது. உதையில் கார்பெட்டும் திட்டிலிருந்து பின்னால் சரிந்து கீழே நின்ற தம் ஆட்கள் மேலேயே விழுந்தார்! இந்தப் புலியின் உடம்பிலும் பழைய குண்டுக் காயம் இருந்தது, ஒன்று சீழ் பிடித்திருந்தது.

ருத்ரப்பிரயாக்: கருவிகள் கைவிட்ட கதை

கேதார்நாத், பத்ரிநாத் போகும் யாத்திரை வழியில் ருத்ரப்பிரயாக் இருக்கிறது. 1918 முதல் 1926 வரை அங்கே ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. கணக்கில் வந்தது அவ்வளவு. 1925இல் கார்பெட் போனார், தோற்றுத் திரும்பினார், மறுபடி போனார். இந்தச் சிறுத்தையிடம் அந்தக் காலத்துக் கருவிகள் எல்லாமே தோற்றன என்றால் மிகையில்லை.

சயனைடு விஷம் வைத்தார்கள். சிறுத்தை சாகவில்லை. ஐந்தடி நீளம், 80 பவுண்டு எடையுள்ள இரும்புப் பொறி வைத்தார்கள். சிறுத்தை மாட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பொறியில் ஒரு பல் உடைந்திருந்தது. சரியாக அந்தப் பல் இல்லாத இடத்தில்தான் கால் அகப்பட்டது! உருவிக்கொண்டு போய்விட்டது. ஒரு பல்தானே என்று விட்டதன் பலன். அதற்குப் பிறகும் அது ஆளைக் கொன்றது.

இன்னொரு இரவு அவரும் நண்பர் இபட்சனும் பெட்ரோல் விளக்கை நம்பி மலைப் பாதையில் இறங்கினார்கள். விளக்கு ஒரு பாறையில் இடித்து மேண்டில் உடைந்தது. பெட்ரோமாக்ஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும், மேண்டில் உடைந்தால் விளக்கு வெறும் தகரம்தான். சிறுத்தை பின்னால் வருகிற இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கடைசியில் 1926 மே மாதத் தொடக்கம். கோலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின் மேல் பத்து இரவுக்கு மேல் உட்கார்ந்தார். கீழே ஓர் ஆடு, கழுத்தில் மணி. ரைஃபிளின் மேல் எலக்ட்ரிக் டார்ச் பொருத்தியிருந்தார். அந்தக் காலத்தில் அது புதுமை. மணிச் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினார். ஒளிக்கோட்டில் சிறுத்தையின் தோள் தெரிந்தது. சுட்டார். உடனே டார்ச் அணைந்துவிட்டது, பேட்டரி தீர்ந்தது! ஒரே ஒரு நொடி அது எரிந்தது. அந்த நொடிக்குள் குறி ஏற்கெனவே சரியாக நின்றது. விடியும் வரை பட்டதா இல்லையா என்று தெரியாமல் மரத்திலேயே இருந்தார். காலையில் கீழே பார்த்தால், எட்டு ஆண்டு மக்களைத் தூங்கவிடாத சிறுத்தை செத்துக் கிடந்தது.

மீன் பிடித்தலும் அவருக்கு உயிர். மலை ஆறுகளில் மகசீர் என்னும் பெரிய கெண்டை இனம் உண்டு, நம் பவானி, மோயாற்றிலும் உண்டு. அதன் தொண்டைப் பல் கெட்டியான ஓட்டையும் நொறுக்கும், வாய்க்குள் போன மட்டமான தூண்டில் முள் நசுங்கிவிடும். அந்நாளில் நூல் பட்டு நூல். நனைந்த நூலைக் காய வைக்காமல் சுருட்டினால் இற்றுப்போகும். முடிச்சுப் போட்ட இடத்தில் எந்த நூலுக்கும் பலம் குறைவு. ஆற்றில் இறங்குமுன் நூலை இழுத்துப் பார்க்கிறவனுக்குத்தான் மீன்.

கேமராவைத் தேர்ந்தெடுத்தவர்

வயது ஏற ஏற அவர் மனம் மாறியது. காட்டிலாகா அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப் படங்களைப் பார்த்துத் தாமும் கேமராவைக் கையில் எடுத்தார். இதிலும் அதே சோதனைப் புத்திதான். மூவி கேமரா ஓடும்போது கரகர என்று சத்தம் வந்தது, புலி ஓடியது. என்ன செய்தார் தெரியுமா? ஓடையில் சின்னதாக அணை கட்டித் தண்ணீரை விழ வைத்தார். தண்ணீர்ச் சத்தத்தில் கேமராச் சத்தம் மறைந்தது. புலிகளைப் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்தார்.

1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவர் உழைப்புக்கும் பங்கு உண்டு. ஹெய்லி பூங்கா என்று தொடங்கிய அதற்குத்தான் பின்னாளில் கார்பெட் பெயர் சூட்டினார்கள். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். 1944இல் குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்து உலகெங்கும் பேர் வாங்கிக் கொடுத்தது. 1947இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19இல் நியேரி என்ற ஊரில் காலமானார். அந்த .275 ரைஃபிள் கைகள் மாறி, இப்போது அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே திரும்பிச் சேர்ந்திருக்கிறது.

நம் மலைக்கு வருவோம்

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் நடந்திருக்கிறார். பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). சீகூர், மாவனல்லா காடுகள் அவருக்கு வீடு மாதிரி. 1954இல் வந்த அவர் முதல் வேட்டைப் புத்தகத்தில் சீகூர் ஆட்கொல்லிக்குத் தனி அத்தியாயமே உண்டு. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அவரும் பிற்காலத்தில் காட்டைக் காப்பாற்றச் சொல்லி எழுதினார்.

இன்றைக்கு வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்துவிட்டது. அது நல்லதே. ஆனால் கருவி பற்றிய கேள்வி முடியவில்லை. 2021இல் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 என்று எண்ணிட்ட புலியால் நான்கு உயிர் போனது. நாம் எல்லோரும் பயந்து வெளியே வராமல் இருந்த நாட்கள் அவை. தானியங்கிக் கேமரா, டிரோன், கும்கி யானை, மோப்ப நாய் என்று 21 நாள் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டு போனார்கள். ஊசித் துப்பாக்கியும் சோதனை கேட்கிற கருவிதான். தூரத்துக்கு ஏற்ற அழுத்தம், உடல் எடைக்கு ஏற்ற மருந்து. இரண்டில் எது பிசகினாலும் ஒன்று புலி சாகும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆள் சாவான்.

இன்னொரு பக்கம் என்ன நடக்கிறது? காட்டுப் பன்றிக்கென்று வேலியோரம் வண்டியின் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியுமா? பழத்துக்குள் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். யானை கடித்து வாய் கிழிந்து பட்டினியாய்ச் சாகிறது. காலில் சுருக்கு அறுத்த சிறுத்தை பிழைத்துப் போனால், அது ஓடுகிற மானைப் பிடிக்குமா, தேயிலை பறிக்கக் குனிந்திருக்கிற நம் அம்மா, அக்காவைப் பிடிக்குமா? சம்பாவத்தில் பல் உடைந்த கதைதான் இது. வைத்தவன் ஒருவன், விலை கொடுப்பது வேறு ஒருவர்.

நண்பர்களே, நாளைக்கு நாம் வேலைக்குப் போவோம். ஒருவன் பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பான். ஒருவன் தேயிலை ஃபேக்டரியில் டிரையரைப் பார்ப்பான். இன்னொருவன் வின்ச்சில் கம்பிக் கயிற்றைச் சோதிப்பான். எல்லா இடத்திலும் ஒரு பேப்பர் நீட்டுவார்கள், சரி என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு பல்தானே, ஒரு நூல் இடைவெளிதானே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் பிளந்த குழலை ஒதுக்கிவிட்டு நல்ல குழலில் மட்டும் மருந்து போட்ட காலாதுங்கிப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அப்போது எட்டு வயது. நமக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, கையில் டிப்ளமோவும் வரப்போகிறது.